விசுவாசிக்கு வலை

ஆன்லைன் ரம்மி கம்பெனிக்குப் புள்ளித் திட்டம் வகுக்க வந்திருக்கும் தம்பிக்கு, சில தொழில் ரகசியங்கள்.

முதலில், ஜெயித்ததற்குப் புள்ளி கொடுக்காதே. பந்தயம் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கொடு. ஜெயித்தவன் காசை எடுத்துக்கொண்டு போய்விடுவான். தோற்றவன்தான் விட்டதைப் பிடிக்கத் திரும்பி வருவான். நமக்கு விசுவாசி அவனே.

அடுத்து, படிகள் கட்டு: வெள்ளி, தங்கம், பிளாட்டினம். ஒரு மாதம் ஆடாதவனை ஒரு படி கீழே இறக்கு. வீட்டுக் கடன் தவணை தவறினாலும் பொறுத்துக்கொள்வான். தங்கத்திலிருந்து வெள்ளிக்கு இறங்கினால் அவனுக்குத் தூக்கம் வராது. போனஸைக் கொட்டை எழுத்தில் அறிவி. இத்தனை மடங்கு ஆடினால்தான் அது கைக்கு வரும் என்பதைப் பொடி எழுத்தில் போடு.

பெருந்தொகை தோற்பவனுக்குத் தனி மேனேஜர் வை. பிறந்தநாளுக்கு வாழ்த்தட்டும். "என்ன சார், மூணு நாளா ஆளையே காணோம்?" என்று உருகட்டும். மனைவியின் தாலிக்கொடி எங்கே என்று மட்டும் விசாரிக்கக் கூடாது.

சட்டத்துக்கு அஞ்சாதே. தமிழ்நாட்டின் முதல் தடையை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 அக்டோபரில் பேரவை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் மாதக்கணக்கில் வைத்திருந்து, 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றிச் சட்டமாக்கினார்கள். அதே நவம்பரில் ரம்மி திறமை ஆட்டம் என்று நீதிமன்றம் விலக்கு தந்தது. திறமைதான். ஆடுகிறவனுடையதா, உன்னுடையதா என்பதுதான் கேள்வி. இதற்கிடையே 2023 அக்டோபரில் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஒன்றிய, மாநில அரசுகளும் பங்குக்கு உட்கார்ந்தன. 2025இல் தமிழ்நாட்டில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்று விதி வந்தது. மீதி 19 மணி நேரம் குடும்பம் அழியத் தடை இருக்கவில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசாட்டத்தை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. அதற்குள் எத்தனையோ வீட்டில் மாலை போட்ட படம் தொங்கிவிட்டது. பழி மட்டும் செத்தவன்மேல்: "புத்தி கெட்டவன், பேராசைக்காரன்." அவனை விழவைக்கவே சம்பளம் வாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எந்த மரணச் செய்தியிலும் வரவில்லை.

கடல் கடந்த தளங்கள் இன்னும் கடை விரித்திருக்கின்றன. "உங்கள் புள்ளிகள் இன்றிரவோடு காலாவதி" என்று செய்தி வந்தால், ஆடுகிறவர்களே, தாராளமாகக் காலாவதியாக விடுங்கள்.