கேரட் காத்த கோட்டை

தேவனாம்பட்டினத்தில் வீடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு உடனே ஒரு பொறாமை வந்துவிடுகிறது. "சில்வர் பீச் பக்கமா சார்? கொடுத்து வைத்தவர்" என்பார்கள். காற்று வாங்குகிறோம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காற்றோடு உப்பையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். வாசல் கிரில்லுக்கு அடித்த பெயின்ட் காய்வதற்குள் அடியில் துரு எட்டிப் பார்க்கும். சைக்கிள் செயின், ஜன்னல் கொக்கி, கொடிக்கம்பி எதற்கும் இங்கே ஆயுசு கெட்டியில்லை. காற்றில் வரும் உப்பு வெளியிலிருந்து அரிக்கும். போர் தண்ணீரில் வரும் உப்பு உள்ளிருந்து அடைக்கும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஜீவன் குழாய். அதைவிடப் பாவப்பட்ட ஜீவன் நான்.

என் மாமனார் சிதம்பரத்துக்காரர். எங்கள் வீட்டுக்கு வந்தால் காபி குடிப்பதற்கு முன் மாடி ஏறிவிடுவார். தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கி வந்து, "மாப்ளே, அந்த கேட் வால்வை மாசம் ஒரு தரம் மூடித் திறந்து வைங்க. இல்லேன்னா வேணுங்கிற அன்னிக்கு அசையாது" என்பார். பதினோரு வருஷமாகச் சொல்கிறார். பதினோரு வருஷமாக நானும் "ஆகட்டும் மாமா" என்கிறேன். சும்மா கிடக்கும் வால்வை எதற்குச் சீண்டுவானேன் என்பது என் கட்சி.

இப்படி இருக்கையில் அடுப்படிக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. "ஏங்க, சொட்டுதுங்க" என்றாள் மனைவி. இறுக்கித் திருகினேன். இரண்டு நாள் நின்றது. மறுபடி சொட்டியது, இன்னும் இறுக்கினேன். ரப்பர் வாஷர் தேய்ந்துபோன குழாயை இறுக்க இறுக்க, மிச்சமிருக்கும் வாஷரும் நசுங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கடைசியில் அந்தக் குழாயை மூட வீட்டில் என்னால் மட்டும்தான் முடியும் என்ற நிலைமை வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட.

மாமனார் வந்தார். குழாயடியில் ஒரு டம்ளரை வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிஷத்தில் இருநூறு மில்லி டம்ளர் நிறைந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார்: ஒரு நாளைக்கு 28 லிட்டர் 800 மில்லி, மாதத்துக்கு 864 லிட்டர். எங்கள் மாடித் தொட்டியே ஆயிரம் லிட்டர்தான். "மாசத்துக்கு ஒரு தொட்டி, மாப்ளே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சக்குப்பம் போய் வாஷரும் டெஃப்லான் டேப்பும் வாங்கிவந்தேன். எதிர்வீட்டில் பைப் ரெஞ்ச் இரவல். வாஷர் மாற்றுவது இரண்டு நிமிஷ வேலை; அதற்காக மாடியேறி வால்வை மூட வேண்டுமா என்று நினைத்தேன். அன்று காலைதான் மோட்டார் போட்டுத் தொட்டியை ரொப்பி வைத்திருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ரெஞ்சைக் கவ்வக் கொடுத்து ஒரு தம் பிடித்தேன். தலைப்பாகம் அசையவில்லை. வருஷக்கணக்கில் உப்பு படிந்து உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. இன்னொரு தம். 'ணங்' என்றது. குழாய் முழுசாக என் கைக்கு வந்துவிட்டது. அதன் மரைப்பகுதி மட்டும் சுவருக்குள்ளேயே தங்கிவிட்டது. அடுத்த கணம் அரை இஞ்சு தடிமனில் தண்ணீர் என் நெஞ்சில் பாய்ந்தது.

மாடிக்கு ஓடினேன். வால்வின் உடம்பு பித்தளை, மேலே உள்ள சக்கரம் இரும்பு. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த சக்கரம். இரண்டு கையாலும் பிடித்து, குலதெய்வத்தை நினைத்துத் திருகினேன். சக்கரம் சுற்றியது. சுற்றியதோடு நிற்காமல் பொலபொலவென்று உதிர்ந்து பாதி என் கையில் வந்தது. வால்வு அப்படியே இருந்தது.

தண்ணீர் காலை வாரியது எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் இது இரண்டாம் தடவை. கெடிலத்துக் கரையில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்ததே, அதை 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்கள் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்று பெயர் சொல்லிக்கொண்டு ஊர் இன்னும் இருக்கிறது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முற்றுகை போட்டான். குண்டு ஒன்று விழுந்து கோட்டைக்குள் இருந்த நல்ல தண்ணீர்த் தொட்டி உடைந்தது. மிச்சமிருந்த கிணறுகளோ உப்பு. ஜூன் மாதம் கோட்டை சரண். உப்புக் கிணறு சமாசாரம் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே தண்ணீரில்தான் நான் தினம் குளிக்கிறேன்.

அன்று குண்டு எட்டிய இடமெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். எங்கள் அடுப்படியில் தண்ணீர் எட்டிய இடமெல்லாம் எனக்குச் சொந்தம், துடைப்பதற்கு. மிக்சி, எதிர்ச் சுவர் காலண்டர், மாமனாரின் கணக்கு, அரிசி மூட்டை என்று எல்லை விரிந்துகொண்டே போனது. நான் உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்தினேன். முன்னே நேராக வந்த தண்ணீர், இப்போது நாலு பக்கமும் விசிறியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் மீன்கார அக்கா. வழக்கமாக ஞாயிறு காலை வருகிறவர். கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. காய்கறிக் கூடையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து, அரிவாள்மணையில் நுனியைச் சீவினார். என் தோளில் கிடந்த துண்டில் ஒரு கிழிசல் கிழித்து அதன் மேல் சுற்றினார். "கையை எடு தம்பி" என்று ஓட்டையில் வைத்து, என் கையிலிருந்த ரெஞ்சாலேயே இரண்டு தட்டுத் தட்டினார். தண்ணீர் நின்றது.

"எப்படிக்கா?" என்றேன்.

"போட்ல ஓட்டை விழுந்தா நடுக்கடல்ல பிளம்பரா வருவான்?" என்றவர், "வஞ்சிரம் இருக்கு, பாக்குறியா?" என்றார். பேரம் பேசாமல் ஒரு கிலோ வாங்கினேன்.

பிளம்பர் சாயங்காலம் வந்தார். சுவரைப் பார்த்தார், கேரட்டைப் பார்த்தார், மாடிக்குப் போய் அரைச் சக்கரத்தைப் பார்த்தார். "யாரு சார் இதுல கை வெச்சது?"

"அது வந்து, தெரிஞ்ச ஆள் ஒருத்தர்" என்றேன்.

"இனிமே அந்த ஆளை வீட்டுக்குள்ள விடாதீங்க சார்."

"அதெப்படிங்க, ரேஷன் கார்டுல பேர் இருக்கே" என்றாள் மனைவி.

உடைந்த மரையைச் சுவரிலிருந்து எடுக்க அவருக்கு ஒரு மணி நேரமாயிற்று. புதுக் குழாய்; மாடியில் புது வால்வு, இந்த முறை பிளாஸ்டிக்கில் பால் வால்வு, துருப்பிடிக்க அதில் இரும்பே கிடையாது. "இதையும் மாசம் ஒரு தடவை மூடித் திறங்க சார், உப்பு உள்ள பிடிச்சா பிளாஸ்டிக்கும் இறுகும், முரட்டுத்தனமாத் திருகினா கைப்பிடி முறிஞ்சிடும்" என்றார். மாமனாரும் அவரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று சந்தேகம். டெஃப்லான் டேப்பை மரை திருகும் பக்கமாகவே சுற்ற வேண்டுமாம். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போது பிரிந்துகொண்டு வந்துவிடும். நான் எந்தப் பக்கம் சுற்ற இருந்தேன் என்பதைச் சொல்லவில்லை.

இப்போது மாதம் பிறந்தால் 1-ஆம் தேதி காலை மாடியில் இருப்பேன். வால்வை மூடிவிட்டு, மேலிருந்தபடி "நின்னுடுச்சா?" என்று குரல் கொடுப்பேன். கீழேயிருந்து யாராவது பதில் சொல்ல வேண்டும். போன மாதம் பதில் சொன்னவர் மாமனார், குளியலறைக்குள்ளிருந்து:

"நின்னுடுச்சு மாப்ளே. சீக்கிரம் திறங்க. கண்ல சோப்பு."