வேண்டாம் என்றால் விடுவார்களா?

லத்தீனில் 'மானிபுலுஸ்' என்றால் ஒரு கைப்பிடி அளவு. ரோமானியப் படையில் சுமார் 120 வீரர்கள் கொண்ட பிரிவுக்கும் அதுவே பெயர். அந்த வேரிலிருந்து கிளைத்த 'மேனிபுலேஷன்' 18-ஆம் நூற்றாண்டில் சுரங்கத்திலும் ஆய்வுக்கூடத்திலும் கௌரவமாகக் கைவேலை பார்த்துக்கொண்டிருந்தது. பொருள்களைக் கையாண்டு அலுத்துப்போயிற்றோ என்னவோ, அடுத்த நூற்றாண்டில் மனிதர்களைக் கையாளக் கிளம்பிவிட்டது. நல்ல பதவி உயர்வு!

ஆளைக் கைக்குள் போட்டுக்கொள்வது நம் ஊருக்கும் புதிதில்லை. ஆனால் முன்பெல்லாம் அதற்குக் காபி வாங்கித் தரவேண்டும், மாமன் மச்சான் உறவு கொண்டாடவேண்டும். இப்போது ஒரு பொத்தான் போதும். டிக்கெட் எடுக்கப் போனால், 'காப்பீடு வேண்டும்' என்பது பச்சையில் பளபளக்கிறது. அதன் கீழே எறும்பு எழுத்தில், 'பாதுகாப்பில்லாமலே போகிறேன்'. வேண்டாம் என்று சொல்லவும் நம் வாயாலேயே நம்மைத் திட்டிக்கொள்ளவேண்டும்.

இந்தத் தந்திரங்களை 'டார்க் பேட்டர்ன்' என்கிறார்கள். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது: பொய் அவசரம், கூடைக்குள் கேட்காத பொருளை நுழைத்தல், ஓயாத நச்சரிப்பு என்று வரிசையாக.

பட்டியல் வியாபாரிகளுக்கு மட்டும்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குறுதி விற்க வருபவர்களுக்காகப் பதினான்காவது வகை ஒன்றையும் சேர்த்திருக்கலாம். யாரோ 'பிறகு நினைவூட்டு' பொத்தானை அழுத்திவிட்டார்கள் போலிருக்கிறது.