மஞ்சள் பாட்டில்

நான் நர்ஸாகச் சேர்ந்த காலத்தில் டிரிப் பாட்டில் கண்ணாடி. கவிழ்த்துத் தொங்கவிட்டு, மூடியில் இன்னொரு ஊசி குத்திக் காற்றுக்கு வழி விட்டால்தான் சொட்டு இறங்கும். 20 சொட்டு ஒரு மில்லி. அரை லிட்டரை நாலு மணி நேரத்தில் ஏற்ற நிமிஷத்துக்கு 42 சொட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவோம். இப்போது பம்ப் எண்ணுகிறது. அது கத்தும்போது போய்ப் பொத்தானை அமுக்குவது நம் வேலை.

அன்று நோயாளிக்குத் தெரிந்தது ஒன்றுதான். "அசதியா இருக்கு சிஸ்டர், ஒரு குளுகோஸ் ஏத்தி விடுங்க." பாட்டிலில் வெறும் உப்புத் தண்ணீர்தான் என்றாலும் அரை மணியில் முகம் தெளிந்துவிடும். வைட்டமின் ஊசி கலந்து நீர் மஞ்சளாகிவிட்டால் தனி மரியாதை. "பக்கத்து பெட்டுக்கு மஞ்ச பாட்டில், எனக்கு மட்டும் வெள்ளையா?" என்று சண்டையே நடக்கும்.

இன்று நோயாளியின் மகன் லேபிளைப் படம் பிடித்துக்கொண்டு வருகிறார். "காலையில என்.எஸ்., இப்ப ஏன் ஆர்.எல்.?" நல்ல கேள்விதான். என்.எஸ். என்றால் நார்மல் சலைன், 0.9 சதவீத உப்பு நீர். ரத்தத்தில் குளோரைடு லிட்டருக்கு நூறு மில்லிமோலை ஒட்டி இருக்க, இதில் 154. பேர் மட்டும் நார்மல். லிட்டர் லிட்டராக ஏற்றினால் ரத்தத்தில் அமிலம் கூடும். ஆர்.எல்., அதாவது ரிங்கர் லாக்டேட்டில் 109தான், கொஞ்சம் பொட்டாசியம், கால்சியம், லாக்டேட் உண்டு. 1880களில் தவளை இதயத்தைத் துடிக்கவைக்க சிட்னி ரிங்கர் கண்ட கரைசலில், 1930களில் ஹார்ட்மன் லாக்டேட்டைச் சேர்த்தார். கால்சியம் இருப்பதால் ரத்தம் ஏறும் குழாயில் இதை விடமாட்டோம்.

டி5 என்றால் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். அதோடு உப்பும் சேர்ந்தால் டி.என்.எஸ். "அப்ப டி.என்.எஸ்.தானே சத்து?" அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிக்கு மேல் தேறாது. அவர் அப்பாவுக்கோ சர்க்கரை வியாதி. இவ்வளவும் கேட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி விசாரிக்கிறார்: "அந்த மஞ்ச பாட்டில் எப்ப போடுவீங்க?"

எல்லாருக்கும் பாட்டிலே தேவையில்லை. வயிற்றுப்போக்கில் நினைவு தெளிவாக இருந்து, குடித்தது வயிற்றில் தங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடித்தாலே போதும். 1971இல் மேற்கு வங்கத்தின் பங்காவ்ன் அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்றப் பாட்டில் பற்றாமல் போனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கவைத்தே உயிர்களைக் காப்பாற்றினார். இன்றைய பொட்டலம் 20.5 கிராம், ஒரு லிட்டர் நீருக்கு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள்.