முதலில் போர்டை மாட்டுங்கள்

ஆரணியில் மாண்டிசோரி பள்ளி தொடங்க மூன்று வேண்டும்: வாடகைக்கு ஒரு மாடி வீடு, சுவரில் மிக்கி மவுஸ் வரையத் தெரிந்த பெயின்டர், மஞ்சள் வேன். நான்காவதாக ஏதோ வேண்டும் என்று ஒருவர் ஆரம்பித்தால் அவர் மாண்டிசோரியைப் படித்தவராக இருப்பார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்திலேயே புதுக்காமூரில் புத்திரகாமேட்டீஸ்வரர் இருக்கிறார். பிள்ளை வரம் கேட்டுத் தசரதர் யாகம் செய்த இடம் என்பது தலபுராணம். வேண்டிக்கொண்டு போகும் தம்பதிகளுக்கு வரம் பலித்தால், இரண்டரை வருடத்தில் உங்கள் வாசலில் நிற்பார்கள். தசரதர் நாலு பிள்ளைகளையும் வசிட்டரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். டெர்ம் பீஸ் கட்டிய குறிப்பு எங்கும் இல்லை. அந்தக் குறையை நீங்கள் நிவர்த்தி செய்கிறீர்கள்.

இனி படிப்படியாக. பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள். மீதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. பெயரைத் தைரியமாக எழுதுங்கள்.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. எங்கோ விசைத்தறியில் ஓட்டிய சேலைக்கு அந்தப் பெயரை ஒட்டினால் ஒருவர் வந்து கேள்வி கேட்கலாம். மாண்டிசோரிக்கு அந்தத் தொல்லை கிடையாது. அந்தப் பெயர் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. போர்டில் மாண்டிசோரி, வேனில் மாண்டசரி, ரசீதில் மாண்டெஸ்ஸரி என்று மூன்று விதமாக எழுதினாலும் கேட்க நாதியில்லை. முன்னால் ஒரு 'லிட்டில்', பின்னால் ஒரு 'இன்டர்நேஷனல்' போட மறக்காதீர்கள்.

2. அந்தம்மா படத்தை மாட்டி மாலை போடுங்கள்.

யார் என்று பெற்றோர் கேட்டால் 'ஃபாரின் டாக்டர்' என்று மட்டும் சொல்லுங்கள். பொய்யில்லை, மரியா மாண்டிசோரி டாக்டருக்குப் படித்தவர்தான். கேட்ட அப்பாவின் கண்ணில் உடனே ஸ்டெதஸ்கோப் தெரியும். அதோடு நிறுத்துங்கள்.

1907-இல் ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைப் பேட்டையில்தான் அவர் முதல் பள்ளியைத் திறந்தார் என்று சொல்லிவிடாதீர்கள். அப்பா அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் மாடிப்படியையும் சுவரையும் நாசம் செய்துகொண்டிருந்தன. கட்டடத்துக்காரர்கள் அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். இப்படி ஆரம்பித்த சங்கதி என்று தெரிந்தால், 'எங்க வீட்டு நிலைமையும் அதானே மிஸ், பீஸ் மட்டும் ஏன் இவ்வளவு?' என்பார்கள்.

அடையாறு கதையையும் அமுக்குங்கள். 1939-இல் தம் 69-ஆம் வயதில் அவர் சென்னைக்கு வந்தார். பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். முதல் பயிற்சி வகுப்பிலேயே ஏறக்குறைய 300 பேர். மறு வருடம் இத்தாலி போரில் குதிக்க, பிரிட்டிஷ் சர்க்கார் அவருடைய மகன் மரியோவைக் காவலில் வைத்தது. அந்தம்மாவின் 70-ஆம் பிறந்த நாளன்று விடுவித்தது. பிறகு கொடைக்கானலில் சில காலம். 1946 வரை இந்தியாவில் ஊர் ஊராக வாத்தியார்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் கேட்ட ஒருவர், 'அப்போ நம்ம மெட்ராஸ்லயே ஒழுங்கா கத்துக்கிட்டவங்க இருந்திருப்பாங்களே, உங்க மிஸ் எங்க கத்துக்கிட்டாங்க?' என்று கேட்டுவைப்பார். உங்கள் மிஸ் போன மாதம் வரை ஜெராக்ஸ் கடையில் இருந்தார்.

3. பிள்ளையை இன்டர்வியூ செய்யுங்கள்.

இரண்டரை வயதுக்குப் பேச்சே இப்போதுதான் வந்திருக்கும். அதனால்தான் கேள்வி கேட்க வசதி. நிறத்தில் ஆரம்பியுங்கள். மேஜையில் கிடக்கும் ஒரு துண்டுப் பட்டைக் காட்டி 'வாட் கலர்?' என்று கேளுங்கள். நெசவாளி வீட்டுப் பிள்ளை அதை ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்கும், மறு பக்கம் சாய்த்துப் பார்க்கும், 'மயில்கழுத்து' என்று சொல்லும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் ஒரு கோணத்தில் நீலமும் மறு கோணத்தில் பச்சையும் அடிக்கும் துணி அது. தறிக்கு அடியில் தவழ்ந்த பிள்ளைக்கு அரக்கும் கத்தரிப்பூவும் மாம்பழ மஞ்சளும் பால் குடிக்கும்போதே அறிமுகம்.

தயங்காமல் 'நோ. ப்ளூ' என்று திருத்துங்கள்.

மாண்டிசோரி முறையில் நிறத்துக்கென்றே பலகைகள் உண்டு. மூன்றாவது பெட்டியில் மட்டும் 63: ஒன்பது நிறம், ஒவ்வொன்றிலும் ஏழு சாயல், அடர்த்தியிலிருந்து வெளிறல் வரை பிள்ளையே வரிசையாக அடுக்க வேண்டும். அதை வாங்கினால் ஆயிரக்கணக்கில் செலவு. 'ப்ளூ' இலவசம்.

4. சாமான்களைக் காப்பாற்றுங்கள்.

இளஞ்சிவப்புக் கோபுரம் ஒரு செட் வாங்கித்தான் ஆக வேண்டும். நோட்டீஸில் போட்டோ போட அதைவிட அழகான சாமான் இல்லை. பத்து மரக்கட்டைகள், ஒரு சென்டிமீட்டர் கட்டையிலிருந்து பத்து சென்டிமீட்டர் கட்டை வரை. பிள்ளைகள் கையில் கொடுத்தால் அந்தக் குட்டிக் கட்டை முதல் வாரமே காணாமல் போகும். ஆகவே கண்ணாடி பீரோ. சாவி கரஸ்பாண்டன்ட் இடுப்பில். அட்மிஷன் சமயத்தில் மட்டும் எடுத்து அடுக்கி, நல்ல சட்டை போட்ட ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, படம் பிடித்து, துடைத்து உள்ளே வையுங்கள்.

5. தண்ணீரைத் தடை செய்யுங்கள்.

இதில் ரொம்பக் கண்டிப்பு வேண்டும். அந்தம்மா சின்னக் கூஜாவையும் நிஜக் கண்ணாடி டம்ளரையும் பிள்ளை கையில் கொடுக்கச் சொன்னார். உடைந்தால் உடையட்டும், கண்ணாடி உடையும் என்பது அப்போதுதானே தெரியும் என்பது அவர் கட்சி. மொசைக் தரை கழுவியிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

ஒரு ஜூன் மாதக் காட்சி. மூன்று வயதுப் பையன். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர்ப் பானை ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் சொம்பைக் கண்டுபிடிக்கிறான். இரண்டு கையாலும் தூக்கி டம்ளரில் ஊற்றுகிறான். நாக்கு நுனி வெளியே வந்திருக்கிறது. கொஞ்சம் சிந்துகிறது. டம்ளர் தண்ணீரைத் திரும்பச் சொம்பில் ஊற்றுகிறான். மறுபடி டம்ளர். ஐந்தாவது தடவை சிந்துவது குறைந்துவிட்டது. ஆறாவது தடவை டம்ளர் விளிம்புக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே கையை நிமிர்த்திவிட்டான். அம்மா விட்டுப்போனதும் மறந்துவிட்டது.

ஆயாம்மா ஏழாவது தடவைக்குள் அங்கே இருக்க வேண்டும். சொம்பைப் பிடுங்கி, 'தண்ணியில வெளாடாத, சளி புடிக்கும்' என்று சொல்லி, கழுத்தில் மாட்டும் ஸ்ட்ரா பாட்டிலைக் கொடுக்க வேண்டும். எட்டாவது தடவையையும் அவன் ஊற்றிவிட்டால் நாளைக்கு உதவி கேட்கவே மாட்டான். அப்புறம் ஆயாம்மா எதற்கு?

6. இருபது நிமிடத்துக்கு ஒரு மணி அடியுங்கள்.

காலையில் மூன்று மணி நேரத்தைக் குறுக்கிடாமல் பிள்ளைகளிடமே விட்டுவிடு என்கிறது அந்த முறை. எடுத்த வேலையில் ஆழ்ந்து போகும்போது கூப்பிடாதே, மெச்சக்கூடச் செய்யாதே என்கிறது. பயங்கரமான யோசனை. பிள்ளை ஒன்றில் ஆழ்ந்துவிட்டால் மிஸ் என்ன செய்வார்? ரைம்ஸ் இருபது நிமிடம், ஏபிசிடி இருபது, ஸ்நாக்ஸ் பத்து, 'ஃபிங்கர் ஆன் தி லிப்ஸ்' மீதி நேரம்.

கடைசிச் சமாசாரத்துக்கு மாண்டிசோரியிலேயே ஆதாரம் காட்டலாம். மௌன விளையாட்டு என்று அவர் ஒன்று வைத்திருந்தார். எல்லாரும் மூச்சுச் சத்தம் கேட்கும்வரை அசையாமல் இருந்து, தூரத்தில் இருக்கும் மிஸ் மெல்லக் கிசுகிசுத்துத் தன் பெயரைக் கூப்பிடுவது காதில் விழுந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போக வேண்டும். நீங்கள் பெயர் கூப்பிடும் பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

7. வயதுவாரியாகப் பிரியுங்கள். இரண்டரையும் ஐந்தும் ஒரே அறையில் இருந்தால் பெரியது சின்னதுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும், சம்பளமில்லாமல். ப்ரீ கேஜி, எல்கேஜி, யுகேஜி. ஒவ்வொன்றிலும் ஏ, பி. ஆறு போர்டு. பெயின்டருக்கும் வேலை.

8. மூன்று வயதில் எழுத வையுங்கள்.

உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவவிட்டு, கை பழகிய பிறகு பென்சில் கொடுப்பது அந்தம்மா வழக்கம். உங்களிடம் நாலு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. முதல் நாளே கர்சிவ். மிஸ் சிவப்பில் புள்ளி வைப்பார், பிள்ளை புள்ளிமேல் பென்சிலை ஓட்டும். ஒரு பக்கம் முழுக்க சின்ன 'ஏ'. கை வலிக்கிறது என்றால் 'அப்பா தினமும் எத்தனை தடவ நாடா தள்றாரு, நீ ஒரு பக்கம் எழுத மாட்டியா?' என்று கேட்கலாம். ஆரணியில் இந்த ஒரு வரி நன்றாக எடுபடும்.

தமிழா? அது வீட்டிலேயே வந்துவிடும். பள்ளிக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

9. தப்பைச் சிவப்பு மையால் காட்டுங்கள்.

அந்தம்மா செய்த சாமான்களில் தப்பு தானே தெரியும். பத்துக் குழிக்குப் பத்து உருளை. ஒன்றை மாற்றிப் போட்டால் கடைசி உருளை குழிக்குள் இறங்காது. பிள்ளை யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தானே கழற்றி மாட்டும். இதில் மிஸ்ஸுக்கு மரியாதை எங்கே இருக்கிறது?

உங்கள் பிள்ளைகளின் அப்பாக்களே இந்த விஷயத்தில் மோசமான முன்னுதாரணம். தறியில் ஒரு இழை அறுந்தால் துணியில் கோடு விழும். யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அவரே மிதியை நிறுத்தி, குனிந்து, அத்தனை ஆயிரம் இழைக்கு நடுவே அறுந்த முனையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி நாடாவை எடுப்பார். சிவப்பு மை கிடையாது, 'வெரி பேட்' கிடையாது. பிள்ளை இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் தொலைக்கிறது. ஆகவே நீங்கள் இரண்டு மடங்கு சிவப்பாக எழுத வேண்டும்.

10. புறங்கையில் ஸ்டார் போடுங்கள். அந்த முறையில் பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. உங்களிடம் இரண்டும் உண்டு. ஸ்டார் கிடைக்காத பிள்ளை வேனில் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வரும். தனியாகத் தண்டிக்க வேண்டிய வேலை மிச்சம்.

11. தெருவில் பாவு நீட்டியிருந்தால் ஹாரன் அடியுங்கள்.

இது வேன் டிரைவருக்கான விதி. வெயில் ஏறும் முன் தெருவோடு பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, நடந்து நடந்து இழை பிரித்துக்கொண்டிருப்பார்கள். வேன் நின்றுவிடும். பிள்ளைகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்தி ஒரு பெண் குழந்தை அந்த நீள நீளமான மஞ்சளை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கண்ணாலேயே எண்ணிக்கொண்டு போகும். ஐந்து நிமிடம் வேனில் சத்தமே இருக்காது. ஃபிங்கர் எங்கும் இருக்காது, லிப்ஸ் தானாக மூடியிருக்கும்.

டிரைவர் இதை அனுமதிக்கக் கூடாது. 9.15-க்குப் பிரேயர். 'டபிள்யூ ஃபார் வீவர்' படம் சார்ட்டில் இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

12. பழைய பயத்தை விற்றுக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கோர்வைச் சேலை நெய்ய, நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இடத்தில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளைகளை உட்கார வைத்த காலம் ஒன்று இருந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் மல்லுக்கட்டித்தான் அவர்களை அங்கிருந்து எழுப்பினார்கள். நல்ல காரியம், இதில் எனக்குக் கிண்டல் இல்லை. உங்களுக்கு அது விளம்பரம். 'உங்க பிள்ளையும் குழியில எறங்கணுமா?' என்று அப்பாவிடம் கேளுங்கள். அவர் பாக்கெட்டைத் தடவுவார். குழித்தறியில் முதுகு வளைந்த மனிதர் அவர்; பிள்ளை நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பதற்காக எதையும் கட்டுவார். நீங்கள் பிள்ளையை நோட்டின் மேல் குனிய வைத்திருப்பது அவருக்கு ஜன்னல் வழியாகத் தெரியாது. ஜன்னலில் மிக்கி மவுஸ் இருக்கிறது.

13. டைரியில் எழுதுங்கள்.

வீட்டில் தாத்தா ராட்டையில் தார் சுற்றும்போது சில பிள்ளைகள் மடியோரம் உட்கார்ந்து நூல் கண்டைப் பிடித்துக்கொடுக்கும். கீழே விழுந்த ஜரிகைத் துணுக்குகளை ஒவ்வொன்றாக விரல் நுனியில் ஒற்றி எடுத்து டப்பாவில் போடும். அரை மணி நேரமானாலும் நகராது. இப்படிப்பட்ட வீடுகளைக் கண்டுபிடிப்பது சுலபம். காலையில் பிரேயரில் கையை நீட்டச் சொல்லிப் பாருங்கள்.

பிறகு சிவப்பு மையில்: 'பிள்ளையின் நகக்கண்ணில் ஜரிகை இருந்தது. கையைச் சுத்தமாகக் கழுவி அனுப்பவும்.' கீழே பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விடுங்கள்.