பாட்டாவைத் தேடும் அண்ணாச்சி

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்காக நிற்கும்போது, தோளில் துணிப்பையும் சட்டைப்பையில் பூதக்கண்ணாடியுமாக ஒருவர் உங்கள் மூக்கையே உற்றுப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அவர் மணி கேட்க வரவில்லை.

"தம்பி, நீ யாருக்க மவன்?"

சொன்னீர்களோ, போச்சு. "அம்மைக்க ஊரு?" பூதப்பாண்டி என்பீர்கள். "பூதப்பாண்டியில எந்தத் தெரு?" மூன்றாவது கேள்வியில் நீங்கள் அவருக்கு மருமகன் முறை. நான்காவதில் அவருக்கே சித்தப்பா. அதற்குள் பஸ் போயிருக்கும்.

இவர்தான் வம்சாவளி அண்ணாச்சி. சாலைக் கடைத்தெரு, கரமனைப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். பூர்வீகம் நாஞ்சில் நாடு. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் போனபோது, வயல் அங்கேயும் வேலை இங்கேயுமாக நின்றுபோன குடும்பம். சர்வீஸ் காலத்தில் காணாமல் போன ஃபைலைக்கூடத் தேடாத மனிதர், ரிட்டையரான மறுமாதம் பரணைச் சுத்தம் பண்ண ஏறினார். நாலு ஓலை நறுக்கு அகப்பட்டது. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பித்து.

முதல் அறிகுறி, கொல்லம் ஆண்டை இங்கிலீஷ் ஆண்டாக்கும் கணக்கு. "சிங்ங மாசத்துலேர்ந்து டிசம்பர் வரைக்கும்னா 824 கூட்டணும், ஜனவரிக்குப் பொறவுன்னா 825" என்று பால்காரரிடம் விளக்கிக்கொண்டிருப்பார். பால்காரர் கேட்டது போன மாசத்துப் பாக்கியை.

இரண்டாவது, கோட்டைக்குள் இருக்கும் ஆவணக் காப்பகம். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் சுருணைகள் என்னும் ஓலைக் கட்டுகள் அங்கேதான் இருக்கின்றன, லட்சக்கணக்கான ஓலைகள். 2022-இல் அங்கே ஓலைச்சுவடி மியூசியம் திறந்தபிறகு அண்ணாச்சி பிராகாரம் சுற்றுவதுபோல் சுற்றிவருகிறார். கண்ணாடிப் பெட்டி ஒவ்வொன்றின் முன்னும் நின்று, "இதுல நம்ம ஆளு ஒருத்தர் உண்டு, பாத்துக்கோ" என்பார். வட்டெழுத்தில் ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. எழுத்து தெரியாத இடத்தில் கற்பனைக்கு ஏது தடை?

மூன்றாவது கட்டம்தான் முற்றிய நிலை. பல தலைமுறைக்கு முந்திய ஒரு பாட்டாவைப் பற்றிக் கதை எழுத ஆரம்பிப்பார். முதல் பிரதியில் பாட்டா நெல் அளந்தவர். இரண்டாம் பிரதியில் களஞ்சிய அதிகாரி. மூன்றாம் பிரதியில், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் தளவாய் ராமய்யனுக்கே வலது கை. இந்த ஊரில் எனக்குத் தெரிந்தே ராமய்யனுக்கு ஏழெட்டு வலது கைகள். "அண்ணாச்சி, ராமய்யன் 1756-லேயே காலமாயிட்டாரே. நீங்க போட்ட கணக்குல பாட்டா பொறந்ததே 1790 வாக்குல" என்றேன். பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அப்போ அவருக்க அப்பாவா இருக்கும்" என்றார். வலது கை ஒரு தலைமுறை நீண்டது.

போன ஓணத்துக்கு வம்சாவளிப் படத்தை விரித்துக் காட்டினார். ஏ-ஃபோர் தாள் இருபதை ஒட்டிச் செய்தது. பந்தி இலைபோல முன்னறையில் தொடங்கி அடுக்களை வாசலில் முடிந்தது. கோடுகளோ சாலைக் கம்போளத்து மின்கம்பிகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. காரணம் இருக்கிறது. நாஞ்சில் வேளாளரில் இவர்கள் அந்தக் காலத்தில் மருமக்கள் வழி. குடும்பத் தலைவரான காரணவரின் சொத்து சகோதரி பிள்ளைகளுக்குப் போனது. பெற்ற பிள்ளைக்குக் கிடைத்தது உகந்துடைமை என்ற பெயரில் ஏதோ ஒரு பங்கு. கவிமணி இந்தக் கூத்தை வைத்துத்தான் 'மருமக்கள்வழி மான்மியம்' பாடினார். ஆக, அண்ணாச்சி கொண்டாடும் நாலுகெட்டு வீடு அவருடைய பாட்டாவுக்கு வந்தது, பாட்டாவின் அம்மாவனிடமிருந்து, அதாவது தாய்மாமனிடமிருந்து. பாட்டா பெற்ற பிள்ளைகள் ஓர் உருளியோடு வெளியே போனவர்கள்.

நான் படத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுக் கேட்டேன்: "வழி பெண் வழிதானே அண்ணாச்சி? பெண்கள் பேர் ஒண்ணையும் காணலியே?"

தளவாய், கணக்கர், காரணவர் எல்லோருக்கும் சிவப்பு மையில் பட்டத்தோடு கட்டம். இடையிடையே வெறும் பென்சிலில்: 'சகோதரி', 'சகோதரி', 'பெண் 1'. வம்சம் முழுக்க நடந்து வந்த பாலம் அந்தப் பென்சில் கட்டங்கள்தான். அண்ணாச்சி முதல்முறையாகப் பதில் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு பழைய பாகபத்திரம். 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தபிறகு குடும்பங்கள் பாகம் பிரிந்தபோது எழுதியது. தளவாய் இல்லாத காகிதம் என்று பரணிலேயே அடியில் தள்ளி வைத்திருந்தாராம். பாகம் என்றால் பங்குள்ள எல்லோர் பெயரும் வேண்டுமே! மூத்த கிழவியிலிருந்து கைக்குழந்தை வரை நம்பர் போட்டு, வயதோடு எழுதியிருந்தது. நாலாம் நம்பர் அண்ணாச்சியின் பூட்டி. பங்கு: கொஞ்சம் நஞ்சை, ஒரு கிணற்றில் தண்ணீர் கோரும் உரிமை. ஓரத்தில் மங்கிப்போன நீல ரேகை. அண்ணாச்சி பூதக்கண்ணாடியை அதன்மேல் பிடித்திருந்தார். கை லேசாக நடுங்கியது.

"தளவாய்க்க வலது கையைத் தேடிப் போனேன் தம்பி. கெடச்சது கெழவிக்க இடது பெருவிரலு."

மூன்றாம் பிரதியை அன்றே கிழித்துவிட்டதாகச் சொன்னார். நம்ப முடியவில்லை, ஆனால் நாலாம் பிரதி கிணற்றடியில் தொடங்குகிறது, நானே படித்தேன்.

நேற்று கிழக்கேகோட்டையில் மறுபடியும் மாட்டிக்கொண்டேன். இப்போது அவருடைய கேள்வி மாறியிருக்கிறது.

"தம்பி, உனக்க பூட்டிக்க பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அந்த பஸ்ஸும் போய்விட்டது.