மாமியார் மருமகள் டிஸ்கிரிபன்ஸி

குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவை நோக்கிப் போகும் ரயில், ரெங்கத்தைத் தாண்டியதும், மறந்துபோன சாமான் ஒன்றை எடுத்துக்கொள்ள வந்ததுபோல் சற்றே நின்றுவிட்டுப் புறப்படும் சிற்றூர் எங்கள் லாயாங் லாயாங். மலாய் மொழியில் அப்பெயருக்குப் பட்டம் என்றும் பொருள், தகைவிலான் குருவி என்றும் பொருள். இவற்றுள் எது ஊருக்கு உரியது என்று காப்பிக் கடையில் என் பால்யம் முதல் நடந்துவரும் விவாதத்துக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. ஊர்ப்பெயரின் இரு பாதிகளும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போவதைக் கண்டு, ஊராரும் அவ்விதமே என்று நம்பிவிடும் வெளியூர்க்காரர்களிடம் எனக்கு எப்போதும் அனுதாபம் உண்டு.

1961ஆம் வருஷம் நான் குளுவாங்கில் ஆங்கிலப் பள்ளியொன்றில் படித்துக்கொண்டிருந்தேன்; ஆகவே எங்கள் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தோட்ட நிர்வாகியான துரைக்கு விண்ணப்பம் எழுதும் உத்தியோகம், சம்பளம் இல்லாமல் என்னை வந்தடைந்திருந்தது. ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமா எங்கள் வீட்டு முன்தாழ்வாரமான அஞ்சடியில் வந்து குந்திக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தம்பி, எங்கம்மாவுக்கும் ஒங்க அத்தைக்கும் ஒத்துவரலே. கடைசி வீடு காலியாக் கெடக்கு, அம்மாவுக்குக் கேட்டு எழுது. சண்டைன்னு மட்டும் எழுதிறாதே, மானம் போயிரும்" என்றார்.

மானம் போகாத சொல்லொன்றைத் தேடி அகராதியைப் பிரித்தவனுக்கு, பிணக்கு என்ற ஒரே சரக்கை இத்தனை ஜாடிகளில் அடைத்து வைத்திருக்கும் ஆங்கிலேயர்மேல் அளவற்ற மரியாதை உண்டாயிற்று. இருதயங்கள் விலகி நின்றால் டிஸ்கார்ட். ஓசைகள் விலகினால் டிஸ்ஸொனன்ஸ். உணர்வு விலகினால் டிஸ்ஸென்ட். 'அட் ஆட்ஸ்' என்ற தொடரோ ஒற்றைப்படை எண்ணிலிருந்து பிறந்ததாம். இருவர் குடித்தனத்தில் மூன்றாமவர் வந்து சேர்ந்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பிரயோகம் கிடையாது. இன்கம்பாட்டிபிலிட்டி என்பதன் தாத்பரியம், சேர்ந்து துன்பப்பட இயலாமை. லத்தீனில் 'பதி' என்றாலே துன்பப்படுவதுதான் என்று அறிந்தால் நம் ஸ்திரீகள் ஆட்சேபிக்க மாட்டார்கள். இந்த வேர்களெல்லாம் நான் பிற்காலத்தில் தோண்டி எடுத்தவை. அன்று எனக்கிருந்த அளவுகோல் சொல்லின் நீளமும் கம்பீரமும் மட்டுமே.

தமிழர் இவ்விஷயத்தில் சளைத்தவர்கள் அல்லர். 133 அதிகாரங்கள் செய்த திருவள்ளுவர், கடைசி மூன்றையும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று பிணக்குக்கே எழுதிவைத்துவிட்டார். யாப்பிலக்கணத்தார் முரணைத் தொடையாக்கி அழகு பார்த்தார்கள். சங்கீதத்திலோ 72 மேளகர்த்தாக்களில் 40, ஸ்வரங்கள் ஒன்றோடொன்று வழக்காடும் விவாதி மேளங்கள். ஆயினும் இத்தனை ஏற்பாடுகளும் காதலருக்கும் புலவருக்கும் வித்வான்களுக்குமே உதவின. மாமியாருக்கும் மருமகளுக்கும் என்று வள்ளுவரும் ஓர் அதிகாரம் ஒதுக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியமாவது துணை நின்றிருக்கும். அது முழுமையாக வெளிவந்தது 1965இல். மாமாவின் அவசரம் நான்கு வருஷம் பொறுக்கும் ஜாதியன்று.

ஆகவே டிஸ்கிரிபன்ஸியைத் தேர்ந்தெடுத்தேன். 'என் தாயாருக்கும் மனைவிக்கும் இடையே தினந்தோறும் டிஸ்கிரிபன்ஸி காணப்படுகிறது. துரையவர்கள் தயவுகூர்ந்து கவனிக்க வேண்டும்' என்று அழகான கையெழுத்தில் ஆரம்பித்த அந்த விண்ணப்பத்தில், காலி வீட்டைப் பற்றிய சேதி இரண்டாம் பக்கத்தில் இருந்தது. துரை முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்தச் சொல் கணக்குப் புத்தகத்தில் தொகை உதைப்பதைக் குறிப்பது என்பதும், மாமாவின் தாயாரான பாட்டியும் அத்தையும் அடுத்தடுத்த நிரைகளில் பால் வெட்டுகிறவர்கள் என்பதும் அவருக்குத் தெரியும். எனக்கு இரண்டாவது மட்டுமே தெரியும்.

மறுநாள் பால் நிறுக்கும் இடத்தில், மற்ற எல்லோரையும் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, அவ்விருவர் வாளிகளை மட்டும் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி தனியே வாங்கினார். நுரையை வழித்தெறிந்து, மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இறக்கி, அது ஆடி அடங்கும்வரை மூச்சுவிடாமல் குனிந்து பார்த்தார். கித்தா என்னும் ரப்பர்ப் பாலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இயற்கையிலேயே தண்ணீர். அதற்குமேல் கிணறும் கலந்திருக்கிறதா என்பதே அந்தக் கருவி கேட்கும் கேள்வி. இரண்டு வாளிகளும் குற்றமற்றவை என்று தெரிந்தது. ஆனால் கேள்வி கேட்கப்பட்டுவிட்டதே!

அன்று பிற்பகல், ஒரே பாயில் உட்கார மறுத்திருந்த அவ்விரு மாதரசிகளும் தோளோடு தோள் உரச எங்கள் அஞ்சடிக்கு எழுந்தருளினார்கள். "எம் மருமவ தண்ணி கலக்குறவளா? யாருடா எழுதுனது?" என்று பாட்டி தொடங்க, "எங்க அத்தை இருபது வருஷமா வெட்டுறாங்க, ஒரு சொட்டுக் கலந்ததுண்டா?" என்று அத்தை முடித்தார். எழுதியவன் நான், எழுதச் சொன்னவர் மாமா என்னும் உண்மையையும் அதே மூச்சில் நான் ஒப்புக்கொண்டேன்.

காலி வீட்டை அதன்பின் யாரும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து மாமா மட்டும், கண்ணெல்லாம் தூக்கமின்றிச் சிவந்து, மெல்ல வந்து நின்றார்.

"தம்பி, அந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் ஏதாச்சும் இருந்தாப் பாத்து, துரைக்கு இன்னொரு கடுதாசி போடு. ரெண்டு பேரும் இப்ப ஒத்துப்போயிட்டாங்க. என்னாலே தாங்க முடியலே. அந்தக் கடைசி வீட்டை எனக்குக் கேளு."