ஸ்காட்ச்: பழகினால் பிடிக்குமா?

கேள்வி: ஸ்காட்ச் விஸ்கி பழகப் பழகத்தான் பிடிக்கும் என்கிறார்களே, அப்படிப் பாடுபட்டுப் பழகும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

பதில்: முதல் மிடறில் முகம் சுளிப்பது நாக்கின் குற்றமல்ல. ஸ்காட்ச்சில் சட்டப்படி குறைந்தது 40 சதவீதம் ஆல்கஹால். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பிகளைத்தான் அதுவும் தூண்டுகிறது. மிளகாயையே பழகிக்கொண்ட மனித குலத்துக்கு இது பெரிய சவால் இல்லை.

புகைதான் சவால். ஐலா தீவின் பல வடிசாலைகள், பீட் என்னும் சதுப்புநிலக் கரியின் புகையில் உலர்த்திய முளைகட்டிய பார்லியைப் பயன்படுத்துகின்றன. அந்தப் புகையின் ஃபீனால்கள் தானியத்தில் ஒட்டிக்கொண்டு, வடித்த பிறகும் விடுவதில்லை. லஃப்ராய்க் என்னும் ஐலா விஸ்கியை முகர்ந்த பலருக்கு ஆஸ்பத்திரி வராந்தா நினைவுக்கு வருவது அதனால்தான். (இரண்டு இடத்திலும் பில் கொஞ்சம் அதிகம்தான்.) ஸ்பேசைட் வட்டார விஸ்கிகள் பெரும்பாலும் புகையற்றவை, பழமும் தேனும் மணப்பவை. பழக நினைப்பவர் அங்கே தொடங்குவது நல்லது.

மீதி வேலை பீப்பாயுடையது. ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடந்தால்தான் அது ஸ்காட்ச். பர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி அடைத்திருந்த பீப்பாய் வெனிலா வாசம் தரும். ஷெர்ரி ஒயின் பீப்பாய் உலர்திராட்சை வாசம் தரும். தண்ணீர் கலப்பது பாவம் என்போர் உண்டு. ஆனால் சில துளி நீர், மணம் தரும் குவாயகால் மூலக்கூறை மேற்பரப்புக்குக் கொண்டுவரும் என்று 2017-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் காட்டிவிட்டார்கள்.

ஏற்கெனவே குடிப்பவருக்கு, அளவோடு என்றால், இது பழகத் தகுந்த ருசியே. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லியிருக்கிறது.